139 வெள்ளிக்கு ஒரு வடிசட்டி: 'சர்க்கரை குறைக்கும்' ரைஸ் குக்கர், ஆறு மாத அனுபவம்

பெட்டியின் மேல் பச்சை எழுத்தில் 'சோற்றில் சர்க்கரை 45 விழுக்காடு குறையும்' என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் 139 வெள்ளி கட்டினேன். அதுவும் இரவு ஷிஃப்ட் முடிந்து, காலை ஏழு மணிக்குப் பேருந்தில் அரைத்தூக்கத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தபோது. அந்த நேரத்தில் வாங்கிய எதுவுமே எனக்கு உருப்பட்டதில்லை. முன்பு ஒரு முறை கழுத்து பிடித்துவிடும் கருவி வாங்கி, அது இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரிப் பானைகள் ஏழெட்டுப் பெயர்களில் இணையக் கடைகளில் விற்கின்றன. உள்ளே இருக்கும் சங்கதி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஏன் வாங்கினேன் என்பது. இங்கே சிங்கப்பூரில், பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.5 என்று வந்தது. 6.1 முதல் 6.9 வரை எல்லைக்கோடு, 7-ஐத் தொட்டால் நீரிழிவு என்றார் டாக்டர். கல்யாணமாகித் தஞ்சாவூருக்குப் போய்விட்ட அக்காவிடம் போனில் சொன்னேன். "ஆறரைதானா? எனக்கு 140 டா" என்று சிரித்தார். அங்கே அளவு வேறு. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் அவர்கள் எண் வரும். என்னுடையது 117. அவருடைய 140-ஐ 18-ஆல் வகுத்தால் 7.8 வருகிறது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது அவர் மருந்து சாப்பிடுகிறார்.

எனக்கு 57 வயது. 168 சென்டிமீட்டர் உயரம், 71 கிலோ. பார்க்கிறவர்கள் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். ஆனால் உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற அந்தக் கணக்கில் 25 வருகிறது. ஆசிய உடம்புக்கு இங்கே 23-லேயே கோடு போட்டுவிடுகிறார்கள். நமக்கு வயிற்றைச் சுற்றித்தான் சேருமாம். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு ஒல்லி என்று நடமாடுகிற ஆட்களில் நானும் ஒருவன்.

அப்பா கெப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மதியம் அவர் தட்டில் சோறு ஒரு குன்று மாதிரி இருக்கும், நடுவில் குழி தோண்டிக் குழம்பை ஊற்றுவார். அது அவருக்குத் தகும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் வியர்வையாகப் போய்விடும். நான் துவாஸில் ஒரு கிடங்கில் 22 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன், இப்போது சரக்கு எடை பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. தூக்குவதெல்லாம் இயந்திரம். ஆனால் என் தட்டில் அதே குன்று, அதே குழி. எங்கள் வீட்டில் சோறு பரிமாறுகிற கரண்டிகூட அப்பா காலத்துக் கரண்டிதான். இதை எனக்குச் சொன்னது டாக்டரோ நர்ஸோ இல்லை, என் மனைவி. "நீங்க தூக்குறது பேனா, சாப்பிடுறது மூட்டைக்காரர் சாப்பாடு" என்றாள்.

மருந்தகத்தில் உணவு ஆலோசகரிடமும் அனுப்பினார்கள். இளம் பெண், பொறுமைசாலி. ஒரு தட்டுப் படத்தைக் காட்டினார். பாதித் தட்டு காய்கறி, பழம். கால் தட்டு மீன், முட்டை, பருப்பு, இறைச்சி. மீதிக் கால்தான் சோறு, அதுவும் தவிடு நீக்காத அரிசியாக இருந்தால் நல்லது. "அங்கிள், உங்க தட்டுல இப்ப எப்படி?" என்று கேட்டார். முக்கால் சோறு, ஓரத்தில் கொஞ்சம் கோஸ், மேலே குழம்பு. நான் பதில் சொல்லவில்லை, சிரித்துவைத்தேன். அவரும் புரிந்துகொண்டு சிரித்தார்.

வெள்ளைச் சோற்றுக்கும் நீரிழிவுக்கும் என்ன சம்பந்தம், இனிப்பா அது என்று என் கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். 2016-ல் சுகாதார மேம்பாட்டு வாரியம் இதைப் பேசியபோது காப்பிக்கடைகளில் பெரிய சண்டையே நடந்தது. அவர்கள் காட்டியது 2012-ல் ஹார்வர்ட் ஆட்கள் வெளியிட்ட ஓர் அலசல். மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பல வருடம் கவனித்த பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு கூடக் கூட நீரிழிவு வருகிற வாய்ப்பு 11 விழுக்காடு கூடுகிறது என்று வந்தது. பலர் இதை 'சோறு தின்றால் நூற்றில் பதினோரு பேருக்கு நோய்' என்று படித்துப் பதறினார்கள். அப்படி இல்லை. நூறு பேரில் பத்துப் பேருக்கு வருகிற இடத்தில், ஒரு கிண்ணம் கூடினால் பதினோரு பேருக்கு வரும் என்கிற மாதிரி. சின்ன எண்தான். ஆனால் நாம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துகிற ஜாதியா? அரிசியைத் தீட்டித் தவிட்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்து. வயிற்றில் அது உடைந்து சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் ஏறுகிறது. நாக்கில் இனிக்காததால் நமக்குத் தெரிவதில்லை.

சரி, பானைக்கு வருகிறேன்.

வெளியே பார்க்க அழகு. வெள்ளை உடம்பு, தொடுதிரை, 'குறைந்த சர்க்கரை', 'சாதாரணம்', 'கஞ்சி', 'பழுப்பு அரிசி' என்று நான்கு பொத்தான். உள்ளே இரண்டு பாத்திரம். கீழே ஒரு குண்டான், மேலே ஓட்டை போட்ட எவர்சில்வர் பாத்திரம். அரிசி ஓட்டைப் பாத்திரத்தில் இருக்கும். தண்ணீர் நிறைய விட்டுக் கொதிக்கவைக்கும். அரிசி பாதி வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கீழே வடித்துவிட்டு, மீதியை ஆவியில் வேகவைக்கும். மாவுச்சத்து தண்ணீரோடு போய்விடும், சோறு மட்டும் மேலே நிற்கும். இதுதான் தத்துவம்.

என் அம்மாவுக்கு 82 வயது. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸில் விறகடுப்பில் சமைத்தவர். முதல் நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். கீழ்ப் பாத்திரத்தை நான் வெளியே எடுத்ததும் எட்டிப் பார்த்து, "ஏண்டா, இது வடிச்ச கஞ்சிதானே? கஞ்சி வடிக்கிறதுக்கு 139 வெள்ளியா?" என்றார். மின்சார குக்கர் வந்த பிறகுதான் நாம் வடிப்பதை விட்டோம். இப்போது அதையே தொடுதிரையோடு திருப்பி விற்கிறார்கள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இருந்தாலும் 45 விழுக்காடு என்று போட்டிருக்கிறானே, சும்மாவா போடுவான் என்று ஒரு நப்பாசை.

எடை பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்தேன். தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னி அரிசி, 150 கிராம். பழைய குக்கரில் வைத்தேன், 430 கிராம் சோறு வந்தது. அதே 150 கிராமைப் புதுப் பானையில் வைத்தேன், 475 கிராம் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். சத்து வெளியே போனால் எடை குறைய வேண்டும், இங்கே ஏறுகிறது. ஏறியது என்ன? தண்ணீர். அடுத்து, வடித்த கஞ்சியை ஒரு சட்டியில் ஊற்றிச் சின்னத் தீயில் வற்றவிட்டேன். காய்ந்த அப்பளம் மாதிரி ஒரு படலம் மிஞ்சியது. சட்டியோடு நிறுத்து, சட்டி எடையைக் கழித்தேன். 8 கிராம்.

150 கிராம் அரிசியில் 8 கிராம். அதாவது ஐந்து விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். அரிசியில் நூற்றுக்கு எழுபத்தெட்டு, எண்பது கிராம் மாவுச்சத்து. கணக்குப் போட்டால் பழைய குக்கர் சோறு 100 கிராமில் 27, 28 கிராம் மாவுச்சத்து, புதுப் பானைச் சோற்றில் 23 கிராமை ஒட்டி. 15 விழுக்காடு குறைவு, அதிலும் பெரும் பங்கு தண்ணீர் கூடியதால் வந்தது. நான் விஞ்ஞானி இல்லை, சமையலறைத் தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டும். ஆனால் 15-க்கும் 45-க்கும் நடுவே இருக்கிற தூரத்தைத் தராசின் மேல் போட முடியாது. கடைக்காரருக்கு இந்தக் கணக்கைப் படத்தோடு அனுப்பினேன். வாங்கி ஏழு நாள் தாண்டிவிட்டது, வருத்தம் தெரிவிக்கிறோம் என்று ஒரு வரி பதில். எதற்கு வருத்தம் என்று அதில் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. வடித்த கஞ்சியை நான் தொட்டியில் கொட்டுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அதை எடுத்துவைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பதினோரு மணிக்குக் குடித்துக்கொண்டிருக்கிறார். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. என் சோற்றிலிருந்து எடுத்ததெல்லாம் அவர் வயிற்றுக்குப் போயிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை இல்லை என்பதால் விட்டுவிட்டேன். உண்மையில் அரிசியில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச பி வைட்டமினும் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. ஆக, நல்லது அவருக்குத்தான்.

சுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறு பொலபொலவென்று உதிரியாக வருகிறது, புளிக்குழம்புக்கும் எலுமிச்சைச் சோற்றுக்கும் குறை சொல்ல முடியாது. ரசம் ஊற்றினால் சோறு ஒரு பக்கம், ரசம் ஒரு பக்கம். தயிர்ச்சோறு பிசையவே வராது. மனைவி ஒரு நாள் பிசைந்து பார்த்துவிட்டு, "இது மணல்" என்று எழுந்து போனாள். பழுப்பு அரிசிப் பொத்தான் வெறும் அலங்காரம். இரண்டு மணி நேரம் ஊறவைத்தும் நடுவில் நறுக்கென்று கடிக்கிறது. நேரமும் கூட, பழைய குக்கரில் 25 நிமிடம், இதில் 45. கழுவுவது பெரிய தொல்லை. ஓட்டைகளில் கஞ்சி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெக்கையில் கீழ்ப் பாத்திரத்தைக் காலையில் மறந்துவிட்டு வேலைக்குப் போனால், திரும்பி வரும்போது வாசலிலேயே புளித்த வாடை. வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு அது தாங்காது.

ரத்தத்தில் என்ன தெரிந்தது என்பதுதான் முக்கியம். விரலில் குத்திப் பார்க்கிற கருவி வீட்டில் இருக்கிறது. ஒரே மாதிரிச் சாப்பாடு: 200 கிராம் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பழைய குக்கர்ச் சோற்றுக்கு 10.4. புதுப் பானைச் சோற்றுக்கு 9.8. வித்தியாசம் இருக்கிறதே என்று துள்ள வேண்டாம். இந்தக் கருவிகளுக்கான உலகத் தரமே 15 விழுக்காடு வரை முன்பின் காட்டலாம் என்று அனுமதிக்கிறது. 10.4-ம் 9.8-ம் அந்த இடைவெளிக்குள் சௌகரியமாக அடங்கிவிடும்.

ஆனால் மூன்றாவது மாதம் பரிசோதனைக்குப் போனபோது என் வெறும் வயிற்று எண் 6.0. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்குக் குழப்பம். பானை பொய் என்று நானே நிறுத்துப் பார்த்துவிட்டேன், பிறகு எப்படிக் குறைந்தது?

யோசித்துப் பார்த்ததில் விடை தெரிந்தது, பானை சின்னது. 'குறைந்த சர்க்கரை' பொத்தானில் இரண்டு கப் அரிசிக்கு மேல் போட்டால் பொங்கி மூடியில் வழிகிறது. நாங்கள் முன்பு மூன்று பேருக்கு மூன்று கப் வைப்போம், இரவுக்கும் சேர்த்து. தேசிய சேவையில் இருக்கும் மகன் சனிக்கிழமை வந்தால் நான்கு. இப்போது இரண்டு கப்தான், அதையும் மறுபடி வைக்க 45 நிமிடம் ஆகும் என்று யாரும் வைப்பதில்லை. சோறு தீர்ந்ததும் மனைவி பொரியலை இரண்டு மடங்கு செய்ய ஆரம்பித்தாள். முட்டை, டோஃபு, கீரை எல்லாம் தானாகத் தட்டுக்குள் வந்தன. மகன் மட்டும் சனிக்கிழமைகளில் முறைத்துவிட்டுக் கீழே காப்பிக்கடைக்குப் போய் சிக்கன் ரைஸ் சாப்பிட்டு வருவான். இருபது வயதுப் பையன், முகாமில் ஓடுகிறான், சாப்பிடட்டும்.

அதன் பிறகு பழைய குக்கரிலேயே ஒரு சோதனை. 120 கிராம் சோறு. முதலில் பொரியலும் மீனும் தின்றுவிட்டு, கடைசியில் சோறு. இரண்டு மணி நேரம் கழித்து 8.1. காய்கறியும் புரதமும் முன்னால் போனால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று அந்த உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை, கல்யாண வீட்டில் கூட்டு, பொரியலை முதலில் தின்று தீர்த்துவிட்டுச் சோற்றுக்கு வெறும் இலையோடு உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று. இப்போது பழகிவிட்டது.

வெளியே சாப்பிடும்போதுதான் இன்னும் தகராறு. கிடங்குக் கேண்டீன் மலாய்க்காரம்மா "நாசி சிக்கிட்" என்றால் உடனே குறைத்து, கீரையைக் கூட்டிவிடுவார். தேக்கா பக்கம் ஒரு வாழையிலைக் கடையில் அது நடக்காது. "போதும் தம்பி" என்று கையை இலை மேல் வைத்தால், கைக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போகிறார் பரிமாறுபவர். அன்பில் செய்வதுதான். மிச்சம் வைத்தால் அம்மா திட்டுவார், தின்றால் டாக்டர்.

ஒரு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாத்திரை இல்லை, அதனால் இஷ்டத்துக்குச் சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். என் கூட வேலை பார்க்கும் ஒருவர் இன்சுலின் போடுகிறவர். என் கதையைக் கேட்டு உற்சாகமாகி ஒரு ராத்திரி சோறே சாப்பிடாமல் ஊசியை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, நல்லவேளை பக்கத்தில் மைலோ டின் இருந்தது. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

அப்படியானால் யார் வாங்கலாம்? உதிரிச் சோறு பிடிக்கும், ஆவியில் வேகவைக்க ஒரு பாத்திரமும் வேண்டும், 139 வெள்ளி கை கடிக்காது என்றால் வாங்குங்கள். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருவேன், அதில் ஒன்று இட்லிக்கு. அந்த ஓட்டைப் பாத்திரத்தில் துணி விரித்து ஊற்றினால் இட்லி பூ மாதிரி வருகிறது. சர்க்கரைக்காக என்றால் வேண்டாம். அந்தக் காசுக்குத் தேக்காவில் நான்கு மாதத்துக்குக் கீரை வாங்கலாம். அரிசியை மாற்றுவதும் இதைவிடப் பிரயோசனம். தாய்லாந்து மல்லிகை அரிசி சீக்கிரம் சர்க்கரையாக ஏறும், பாஸ்மதியும் புழுங்கலும் அதைவிட மெதுவாக. நாங்கள் இப்போது புழுங்கலில் ஐந்தில் ஒரு பங்கு பழுப்பு அரிசி கலக்கிறோம். 2016-ல் வாரியம் சொன்ன அதே விகிதம்தான். பழுப்பை மட்டும் தனியாக ராத்திரியே ஃப்ரிட்ஜில் ஊறவைத்தால் அம்மாவின் பல்லுக்கும் ஒத்துக்கொள்கிறது.

சமைப்பது அம்மாவின் பழைய அலுமினியச் சட்டியில். மூன்று பேருக்கு ஒன்றரை கப், அதற்கு மேல் அந்தச் சட்டி கொள்ளாது. வடிக்கிறாரா என்று கேட்காதீர்கள், கஞ்சிக்காக வடிக்கிறார். அப்பாவின் கரண்டியை மனைவி பாயசத்துக்கு என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

பானையை, பழைய பொருள் விற்கும் கேரசல் தளத்தில் 40 வெள்ளிக்குப் போட்டிருக்கிறேன். போன வாரம் ஒருவர், பெட்டியில் இருப்பது போல 45 விழுக்காடு குறையுமா என்று கேட்டார். குறையாது, ஆனால் சின்னப் பானை, சோறு கொஞ்சமாகத்தான் வரும் என்று எழுதினேன். படித்துவிட்டார் என்று காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.